“நேத்து வரைக்கும் ஓடிச்சுங்க”: ஒரே மெஷினில் பல வெர்ஷன், அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

தர்மபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஓடாமல் நின்றுபோன ப்ராஜெக்டுகளைச் சரிசெய்து கொடுக்கும் வேலையைப் பார்க்கிறேன். மாசி, பங்குனி வந்தால் செட்டிக்கரையிலிருந்தும் பர்கூரிலிருந்தும் கடைசி வருட மாணவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். சித்திரை பிறந்தால் பாலக்கோடு மண்டிக்காரர்களும் கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைக்காரர்களும் போன் செய்வார்கள். இரு தரப்பும் சொல்வது ஒரே வசனம்தான்: “நேத்து வரைக்கும் ஓடிச்சுங்க.” திறந்து பார்த்தால் பெரும்பாலும் கோடில் ஒரு தப்பும் இருக்காது. ஒரு ப்ராஜெக்டுக்காகப் போட்ட வெர்ஷன் (பைத்தான், நோட், ஜாவா, பிஎச்பி இவற்றில் ஒன்றின் பதிப்பு) இன்னொரு ப்ராஜெக்டின் காலை வாரிவிட்டிருக்கும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். செலவில்லாத காரணம் முதலில், பணமும் நேரமும் தின்னும் காரணம் கடைசியில். கமாண்டுகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிப்பது ஆங்கில எழுத்தில்தான்.

எந்த அறிகுறியானாலும் ஒன்று மட்டும் வேண்டாம்: ஆத்திரத்தில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்வது. பத்து நிமிட வேலையை இரண்டு நாள் வேலையாக்கியவர்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்கினார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன், கீழே வருகிறது.

## அறிகுறி: புது வெர்ஷன் போட்டேன், இன்னும் பழையதே காட்டுகிறது

டெர்மினலை, அதாவது கமாண்ட் அடிக்கும் ஜன்னலை, மூடித் திறந்தீர்களா? இன்ஸ்டால் செய்யும்போது திறந்திருந்த டெர்மினலுக்குப் புதியது வந்த சேதியே தெரியாது. விஎஸ் கோடு என்ற எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தி அதை மட்டும் மூடினால் போதாது. விஎஸ் கோடின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும். தான் திறந்தபோது இருந்த பாத்தையே (ப்ரோக்ராம்களை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்) அது கையில் வைத்துக்கொண்டிருக்கும்.

இன்னும் பழையதா? அப்படியானால் பதில் சொல்வது யார் என்று கேளுங்கள். விண்டோஸின் கமாண்ட் ஜன்னலான சிஎம்டியில் ‘வேர் நோட்’ என்று அடித்தால் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) எங்கெல்லாம் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பைத்தான், ஜாவா, பிஎச்பி எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். விண்டோஸின் இன்னொரு கமாண்ட் ஜன்னலான பவர்ஷெல்லில் அடித்தால் ஒன்றும் வராது. அங்கே ‘வேர்’ என்பது வேறு ஒரு கமாண்டின் செல்லப்பெயர். ‘வேர்.இஎக்ஸ்இ நோட்’ என்று முழுதாக அடிக்க வேண்டும். லினக்ஸ் வகையான உபுண்டுவில் ‘டைப் -ஏ நோட்’.

ஒன்றுக்கு மேல் வரி வந்தால் முதல் வரிதான் ஓடும். பந்திக்கு முந்தியவனுக்கே சோறு. உங்கள் புது வெர்ஷன் இரண்டாவது வரியில் இருந்தால் கோளாறு கிடைத்துவிட்டது.

பாத் வரிசையை மாற்றுவது. ஸ்டார்ட்டில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடித் திறங்கள். மேலே ஒரு பெட்டி உங்கள் பெயரில், கீழே ஒரு பெட்டி சிஸ்டம் பெயரில். விண்டோஸ் முதலில் படிப்பது சிஸ்டம் பெட்டியைத்தான், அப்புறம்தான் உங்களுடையது. உங்கள் பெட்டியில் புது வெர்ஷனை எவ்வளவு மேலே ஏற்றினாலும், சிஸ்டம் பெட்டியில் பழையது இருக்கும்வரை பழையதே வெல்லும். சிஸ்டம் பெட்டிக்குள் போய்ப் பழையதைக் கீழே இறக்குங்கள். அழிக்க வேண்டாம், இறக்கினால் போதும்.

எப்போது நிறுத்துவது: ஓசூரில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் கம்பெனி லேப்டாப்பை எடுத்து வருவதுண்டு. சிஸ்டம் பெட்டியைத் திறந்தாலே அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ‘வேர்’ காட்டிய வரிகளை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கம்பெனி ஐடி ஆளுக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது

இது கோளாறே இல்லை. செட்டிங்ஸில் ‘ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸ்’ என்று தேடுங்கள். பைத்தான் பெயரில் இரண்டு சுவிட்ச் இருக்கும், இரண்டையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் ‘பைத்தான்’ என்று அடிக்கும் பழக்கத்தையும் விட்டு, விண்டோஸில் ‘பை’ என்று அடித்துப் பழகுங்கள். ‘பை --லிஸ்ட்’ என்றால் மெஷினில் உள்ள பைத்தான் எல்லாம் வரிசையாக வரும். ‘பை -3.10’ என்றால் 3.10 மட்டும் ஓடும். ஒரே மெஷினில் நான்கு பைத்தான் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று சண்டை போடாது. நாம்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி: பிப்பில் போட்டாயிற்று, ஆனாலும் மாட்யூல் நாட் ஃபவுண்ட் என்கிறது

போன பங்குனியில் ஒரே நாளில் மூன்று பேர் இதே எரரோடு வந்தார்கள். மூன்று பேருக்கும் காரணம் வேறு வேறு.

முதல் பையனுக்கு, பிப் (பைத்தான் பேக்கேஜ்களை இறக்கித்தரும் கருவி) ஒரு பைத்தானுக்குப் போட்டது, ப்ராஜெக்ட் இன்னொரு பைத்தானில் ஓடியது. சோதனை: ‘பிப் --வெர்ஷன்’ அடித்தால் வரியின் கடைசியில் அது எந்தப் பைத்தானுக்குச் சொந்தம் என்று சொல்லும். தீர்வு: பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று அடிப்பது. எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்கே போய்ச் சேரும்.

இரண்டாவது பெண் ப்ராஜெக்டுக்குத் தனி என்விரான்மென்ட் (வென்வ், அந்த ப்ராஜெக்டின் பேக்கேஜ்களுக்கு மட்டுமான ஃபோல்டர்) போட்டிருந்தார், ஆக்டிவேட் செய்ய மறந்துவிட்டார். டெர்மினலில் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘வென்வ்’ என்று பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் ஆக்டிவேட் ஆகவில்லை. பவர்ஷெல்லில் ஆக்டிவேட் செய்யப்போய் ‘ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிசேபிள்ட்’ என்று சிவப்பில் கத்தினால் ‘செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்ட்’ என்று ஒரே ஒருமுறை அடித்தால் போதும். சிஎம்டியில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது பையனுக்கு டெர்மினலில் ஓடுகிறது, விஎஸ் கோடில் முக்கோண பட்டனை அழுத்தினால் ஓடவில்லை. கீழே வலது மூலையில் பைத்தான் வெர்ஷன் ஒன்று எழுதியிருக்கும், அதைத் தொட்டு ப்ராஜெக்டின் வென்வைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஜூபிட்டர் நோட்புக்காக இருந்தால் கெர்னலை, அதாவது அது ஓடும் பைத்தானை, தேர்ந்தெடுக்க வேண்டும். அது மேலே வலது பக்கம்.

காணாமல்போன மாட்யூலின் பெயர் டிஸ்ட்யூட்டில்ஸ் என்றால் மேலே சொன்ன எதுவும் காரணமில்லை. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல் அதை எடுத்தே விட்டார்கள். ‘செட்டப்டூல்ஸ்’ போட்டுப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் அந்த ப்ராஜெக்டை 3.11-இல் ஓட்டுங்கள்.

உபுண்டுவில் பிப்பே முரண்டுபிடித்து ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்றால், சிஸ்டத்தின் பைத்தானில் கை வைக்காதே என்கிறது. உபுண்டு 23.04-இலிருந்தும் டெபியன் 12-இலிருந்தும் இப்படித்தான். சிஸ்டத்தை உடைத்தாலும் பரவாயில்லை என்ற பொருளில் ஒரு ஆப்ஷனை எரரே எடுத்துக்கொடுக்கும். அதை அடிக்காதீர்கள், வென்வ் போடுங்கள். சிஸ்டம் பைத்தானைத் தாறுமாறாக்கிவிட்டு, அப்டேட் ஓட மறுக்கிற உபுண்டுவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: ‘நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்’

எங்கள் பக்கம் கடைசி வருட ப்ராஜெக்ட் என்றால் மா இலையில் நோய் கண்டுபிடிப்பது. வருடத்துக்கு ஏழெட்டு வந்துவிடும். சீனியரிடம் வாங்கிய ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) மெஷின் லேர்னிங் பேக்கேஜான டென்சர்ஃப்ளோ 2.10 என்று எழுதியிருக்கும். பையன் நேற்றுதான் இருப்பதிலேயே புதிய பைத்தானை இறக்கியிருப்பான். “நெட் ஸ்லோவா இருக்குது போலண்ணா” என்பான்.

நெட் இல்லை தம்பி, பைத்தான் ரொம்பப் புதிது. டென்சர்ஃப்ளோ 2.10 என்பது பைத்தான் 3.7 முதல் 3.10 வரைக்கும்தான். 3.13-இல் எவ்வளவு தேடினாலும் பிப்புக்கு அது கிடைக்காது. பைத்தான் 3.10-ஐத் தனியாக இறக்குங்கள், இருப்பதை எடுக்க வேண்டாம். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘பை -3.10 -எம் வென்வ் வென்வ்’ என்று அடியுங்கள். ஆக்டிவேட் செய்துவிட்டு ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை ஓட்டுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் பைத்தான் 32 பிட்டா என்று பாருங்கள். பைத்தானைத் திறந்தாலே முதல் வரியில் தெரிந்துவிடும். டென்சர்ஃப்ளோவுக்கு 64 பிட் வேண்டும்.

எல்லாம் ஏறிவிட்டது, ஓட்டும்போது நம்பை 1 என்றும் நம்பை 2 என்றும் நீளமாகப் புலம்புகிறதா? நம்பை என்பது பைத்தானின் எண்கணக்குப் பேக்கேஜ், 2024 ஜூனில் நம்பை 2 வந்தது. பழைய நம்பைக்காகக் கம்பைல் செய்த பேக்கேஜ்கள் அதோடு ஒத்துப்போகாது. ‘பிப் இன்ஸ்டால்’ என்று அடித்து, இரட்டை மேற்கோளுக்குள் ‘நம்பை<2’ என்று போடுங்கள். மேற்கோள் முக்கியம், அது இல்லாவிட்டால் அந்தக் குறியை டெர்மினல் வேறு விதமாக எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிவ்யூவுக்கு முந்தின இரவில் வெர்ஷன் எதையும் மாற்றாதீர்கள். ஓடுகிறதா, ‘பிப் ஃப்ரீஸ்’ அடித்து வருவதை ஒரு கோப்பில் சேமித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

## அறிகுறி: பென் டிரைவில் கொண்டுவந்த ப்ராஜெக்ட் ஓடவில்லை

‘ஃபேட்டல் எரர் இன் லாஞ்ச்சர்’ என்று வந்து, அதற்குக் கீழே உங்கள் மெஷினில் இல்லாத ஒரு பயனர் பெயரோடு பாதை தெரிகிறதா? அது உங்கள் நண்பரின் லேப்டாப்பில் இருந்த பாதை. வென்வ் ஃபோல்டர் தான் பிறந்த இடத்தின் முகவரியை உள்ளே எழுதி வைத்திருக்கும். இடம் மாற்றினால் வேலை செய்யாது. ஒரே மெஷினில் ஃபோல்டர் பெயரை மாற்றினால்கூட இதே கதிதான். வென்வை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு, ரெக்வயர்மென்ட்ஸை ஓட்டுங்கள்.

நோட் ப்ராஜெக்டும் இப்படியே. நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை (இறக்கிய பேக்கேஜ்கள் இருக்கும் இடம்) பென் டிரைவில் ஏற்றவே வேண்டாம். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் காப்பி ஆவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், வந்த பிறகும் பாதியில்தான் நிற்கும். அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்து வந்து, புது மெஷினில் ‘என்பிஎம் சிஐ’ அடியுங்கள், என்பிஎம் என்பது நோடின் பேக்கேஜ் கருவி. லாக் கோப்பு (பேக்கேஜ்-லாக் ஜேசன்) அவசியம் கூட வர வேண்டும். இடம் அடைக்கிறது என்று அதை அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. எந்தெந்த வெர்ஷன் என்ற கணக்கே அதில்தான் இருக்கிறது.

## அறிகுறி: பழைய ரியாக்ட், ஆங்குலர் ப்ராஜெக்ட் எழுந்திருக்க மறுக்கிறது

முதலில் அந்த ப்ராஜெக்ட் எந்த நோடில் பிறந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘.என்விஎம்ஆர்சி’ என்று ஒரு கோப்பு இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும். அது இல்லையென்றால் பேக்கேஜ் ஜேசனில் ‘எஞ்ஜின்ஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். இரண்டும் இல்லாமல் வருவதுதான் வழக்கம். அப்போது லாக் கோப்பின் தலைமாட்டில் ‘லாக்ஃபைல்வெர்ஷன்’ என்று ஒரு எண் இருக்கும். 1 என்றால் என்பிஎம் 6 காலம், அதாவது நோட் 14 அல்லது அதற்கும் முன். 2 என்றால் பெரும்பாலும் 16, சில நேரம் 18. 3 என்றால் அண்மையில் எழுதியது. இந்த ஓர் எண் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இனி எரரைப் பொறுத்துப் பிரியும்.

‘டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்’ – ப்ராஜெக்ட் வெப்பேக் (கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கருவி) 4-இல் இருக்கிறது, உங்கள் நோட் 17 அல்லது அதற்கு மேல். நோட் 17-இலிருந்து உள்ளே இருக்கும் குறியாக்க லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிவிட்டது, வெப்பேக் 4 கேட்கும் பழைய ஹாஷ் அதில் கிடைக்காது. யூடியூபில் எல்லோரும் ‘லெகசி ப்ரொவைடர்’ என்று ஒரு ஆப்ஷனைச் சொல்லித்தருகிறார்கள். ஓடும், பொய்யில்லை. டெமோவுக்கு அது போதும். ஆனால் காரணத்தோடு மூடிவைத்த பழைய பூட்டைத் திரும்ப எடுத்து மாட்டுகிற வேலை அது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்போகும் ப்ராஜெக்ட் என்றால் நோட் 16-இல் ஓட்டிப் பார்த்துவிட்டு, ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் 5-க்கு ஏற்றுங்கள். அது வெப்பேக் 5-இல் ஓடுவது. நோட் 16-இலேயே உட்கார்ந்துவிடவும் கூடாது. 2023 செப்டம்பரோடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டது.

‘ஈரிசால்வ்’ – பேக்கேஜ்கள் ஒன்றுக்கொன்று போட்டிருக்கும் நிபந்தனைகளில் முட்டல். என்பிஎம் 7-இலிருந்து இதில் கறார் கூடிவிட்டது. சரியான நோடுக்கு மாறினால் அதோடு பழைய என்பிஎம்மும் வந்து பல நேரம் எரர் தானாகவே மறையும். மறையாவிட்டால் ‘--லெகசி-பியர்-டெப்ஸ்’ சேர்த்துப் பாருங்கள். ‘--ஃபோர்ஸ்’ கடைசியில். எரரைப் பார்த்ததும் முதலில் அதையே அடிப்பவர்கள்தான் அதிகம்.

‘நோட் மாட்யூல் வெர்ஷன்’ என்று இரண்டு எண்கள் – ஒரு நோடில் கம்பைல் ஆனதை இன்னொரு நோடில் ஓட்டுகிறீர்கள். 93 என்றால் நோட் 16, 108 என்றால் 18, 115 என்றால் 20, 127 என்றால் 22. ‘என்பிஎம் ரீபில்ட்’ அடியுங்கள். போதவில்லை என்றால் நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு ‘என்பிஎம் சிஐ’.

‘நோட்-ஜிப்’ என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்குச் சிவப்பு – பக்கம் பக்கமாக இருந்தாலும் படிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. ‘நோட் சாஸ்’ என்று வருகிறதா? அந்தப் பேக்கேஜையே கைவிட்டுவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு ‘சாஸ்’ என்ற பேக்கேஜைப் போடுங்கள். ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்று வருகிறதா? நோட் எரரைத் தேடிவந்தால் குற்றவாளி பைத்தான்! பழைய நோட்-ஜிப் உள்ளே பைத்தானைக் கூப்பிடும், அது 3.12-ஆக இருந்தால் விழும். மேலே சொன்ன செட்டப்டூல்ஸ் வைத்தியம் இதற்கும் பொருந்தும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு முதல் தடவை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ‘விஷுவல் ஸ்டுடியோ’ இல்லை என்று வந்தால் சி++ பில்ட் டூல்ஸ் கேட்கிறது, பல ஜிபி. மொபைல் டேட்டாவில் இறக்கத் தொடங்காதீர்கள், வைஃபை இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

நிரந்தர ஏற்பாடு. உபுண்டுவில் என்விஎம், நோட் வெர்ஷன்களை மாற்றிக்கொடுக்கும் கருவி. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ‘.என்விஎம்ஆர்சி’ கோப்பில் 18 என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு ‘என்விஎம் யூஸ்’ அடித்தால் அதைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு டெர்மினலும் தனித்தனி நோடில் ஓடலாம். விண்டோஸில் அதே பெயரில் இருப்பது வேறு ஆட்கள் எழுதிய வேறு ப்ரோக்ராம். அங்கே ஒரு டெர்மினலில் ‘என்விஎம் யூஸ் 16’ அடித்தால் மெஷின் முழுக்கவே 16 ஆகிவிடும். காலையில் ஒரு ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டு மதியம் இன்னொன்றைத் திறந்தால் அது விழும், நீங்கள் எதையுமே தொடவில்லை என்று சத்தியம் செய்வீர்கள். விண்டோஸில் ஒரே நேரத்தில் இரண்டு நோட் ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்களுக்கு நான் அதே வேலையைச் செய்யும் எஃப்என்எம் போட்டுக்கொடுக்கிறேன். டெர்மினல் வாரியாகப் பிரித்துவிடும், ‘.என்விஎம்ஆர்சி’யையும் படிக்கும். எது போட்டாலும், ஏற்கெனவே தனியாக இன்ஸ்டால் செய்த நோட் பாத்தில் முன்னால் நிற்கிறதா என்று ‘வேர்’ அடித்துப் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’

ஜாவா இதிலாவது நேர்மையாகக் கணக்குச் சொல்கிறது. எரரில் இரண்டு எண் வரும், உதாரணத்துக்கு 61, 52. ஒவ்வொன்றிலும் 44-ஐக் கழியுங்கள். 17-இல் கம்பைல் ஆனது, 8-இல் ஓட்டுகிறீர்கள்.

‘ஜாவா -வெர்ஷன்’, ‘ஜாவாசி -வெர்ஷன்’ இரண்டையும் அடியுங்கள். இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் பாத் வரிசைதான் காரணம். ஜாவா ஹோமை (ஜாவா இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் வேரியபிள்) மாற்றியும் பழையதே வந்தால் பாத்தில் ‘ஜாவாபாத்’ என்று முடிகிற ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஆரக்கிள் இன்ஸ்டாலர் போட்டது அது, அதைக் கீழே இறக்குங்கள். ஜாவா ப்ராஜெக்டுகளைக் கட்டும் மேவன் எதை எடுக்கிறது என்பதை ‘எம்விஎன் -வெர்ஷன்’ சொல்லும். அது பார்ப்பது ஜாவா ஹோமைத்தான். ஸ்ப்ரிங் பூட் 3 என்றால் ஜாவா 17-க்குக் கீழே பேச்சே இல்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. கிரேடில் செட்டிங்ஸில் ஜேடிகே எது என்று தனியாக வைத்திருக்கும், அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும்.

## அறிகுறி: பில்லிங் பக்கம் வெள்ளையாக நிற்கிறது

காலை ஐந்து மணிக்கு போன். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டி. “தம்பி, பில் வரமாட்டேங்குது, லாரி நிக்குது.” பின்னணியில் ஏலச் சத்தம். முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்றார். கொஞ்சம் விட்டு, “பையன் காலேஜ் ப்ராஜெக்டுக்கு என்னமோ ஏத்துனான்” என்றார். பையனுக்கு வேண்டியது பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் 11, அதற்கு பிஎச்பி 8.2 வேண்டும். மண்டியின் பில்லிங் பிஎச்பி 7.4-இல் எழுதியது. உள்ளே ‘ஈச்’ என்று ஒரு ஃபங்ஷன், பிஎச்பி 8-இல் அது கிடையாது. வெள்ளைப் பக்கம்.

செலவில்லாத சோதனை. சாம்பின் (பிஎச்பி, அப்பாச்சி வெப் சர்வர், மைஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சேர்ந்த தொகுப்பு) அப்பாச்சி எரர் லாகைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். ‘அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்’ என்று இருந்து, பின்னால் ‘ஈச்’ அல்லது ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்றால் கோட் பிஎச்பி 7 காலத்தது. ‘மைஸ்க்யூஎல் கனெக்ட்’ என்றால் அதற்கும் முந்தைய 5 காலத்தது. அந்தக் குடும்பத்தையே 7.0-இல் எடுத்துவிட்டார்கள்.

கமாண்டில் ஒரு பிஎச்பி, பிரவுசரில் ஒரு பிஎச்பி. ‘பிஎச்பி -வி’ காட்டுவது கமாண்டின் வெர்ஷன். அப்பாச்சி எதில் ஓடுகிறது என்பதை ‘பிஎச்பி இன்ஃபோ’ பக்கம்தான் சொல்லும். பிஎச்பியின் பேக்கேஜ் கருவியான கம்போசர் பார்ப்பது முதலாவதை. அதனால்தான் கம்போசர் சரி என்கிறது, பக்கம் விழுகிறது. ‘இக்னோர் பிளாட்ஃபார்ம் ரெக்ஸ்’ ஆப்ஷன் போட்டுக் கம்போசரின் வாயை அடைக்கலாம். அடைத்தால் அதே எரர் நாளைக்கு வாடிக்கையாளர் முன்னால் வரும். வாடிக்கையாளர் மெஷினில் ‘கம்போசர் அப்டேட்’டும் வேண்டாம், ‘கம்போசர் இன்ஸ்டால்’ மட்டும்.

இரண்டு சாம்ப் பக்கத்துப் பக்கத்தில். கல்லூரி வேலையும் மண்டி வேலையும் ஒரே கம்ப்யூட்டரில்தான் என்றால் நான் செய்வது இது. பழைய சாம்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, புதியதை சி டிரைவில் ‘சாம்ப்82’ என்று வேறு ஃபோல்டரில் போடுவது. பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றக்கூடாது, உள்ளே பல கோப்புகளில் அந்தப் பாதை அப்படியே எழுதப்பட்டிருக்கும். புதியதில் அப்பாச்சி போர்ட்டை 80-இலிருந்து 8081-க்கும், மைஸ்க்யூஎல் போர்ட்டை 3306-இலிருந்து 3307-க்கும் மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு இணைப்புக்கான 443-ஐயும் மறக்காமல் மாற்றுங்கள், முட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: பிஎச்பிமைஅட்மின் திறந்து எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்தக் கோப்பை வேறு டிரைவில் வைப்பது.

என் சொந்தக் கதை இங்கேதான் வருகிறது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு மண்டியில், எக்ஸ்போர்ட் எடுக்காமல் பழைய சாம்பை அன்இன்ஸ்டால் செய்தேன். கோட் என்னிடம் இருக்கிறதே என்ற தைரியம். டேட்டா ஃபோல்டரும் சேர்ந்து போயிற்று. கடைசியாக பென் டிரைவில் எடுத்த காப்பி பதினோரு நாள் பழையது. அந்தப் பதினோரு நாள் பில்லையும் கார்பன் காப்பிக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளையும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அடித்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடிக்கடி எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தார். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

அடுத்த செலவு, டாக்கர். ப்ராஜெக்டுக்கு ஒரு கண்டெய்னர், அதாவது ஒரு தனித் தடுப்பறை, என்று வைத்தால் ஒருவர் மற்றவரைத் தொடவே முடியாது. ஆனால் 4 ஜிபி ராம் உள்ள மண்டிக் கம்ப்யூட்டரில் அது மூச்சுத்திணறும். 8 ஜிபி இருந்து, பயாஸில் விர்ச்சுவலைசேஷனும் இருந்தால் யோசிக்கலாம்.

கடைசிச் செலவு, மெஷினே. விண்டோஸ் 7-இல் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது, நோட் 14-உம் அதற்கு மேலும் அதை ஏற்காது. எந்த வெர்ஷன் மேனேஜரும் இதை மாற்ற முடியாது. பில்லிங்கை அந்த மெஷினிலேயே தொடாமல் விட்டுவிட்டு, புது வேலைக்கு வேறு மெஷின் வாங்கச் சொல்லிவிடுவேன்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கோட் மட்டும் உள்ள ப்ராஜெக்ட் என்றால் நீங்களே எவ்வளவு வேண்டுமானாலும் கலைத்துப் பார்க்கலாம். உள்ளே அன்றாடக் கணக்கு ஓடுகிறது, எக்ஸ்போர்ட் எடுக்க முடியவில்லை, அல்லது மைஸ்க்யூஎல் சாம்ப் பேனலில் பச்சை நிறத்துக்கே வரமாட்டேன் என்கிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள். சாம்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்யாதீர்கள், டேட்டா ஃபோல்டருக்குள் எதையும் அழிக்காதீர்கள், மெஷினை முறைப்படி ஷட் டவுன் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஆன்லைன் சர்வரில் பிஎச்பி வெர்ஷனை மாற்ற வேண்டும் என்றாலும் இதேதான். அங்கே ஒரு கிளிக்கில் மற்ற சைட்டுகளும் சேர்ந்து விழலாம்.

கூப்பிடும்போது “ஓடலைங்க” என்று மட்டும் சொன்னால் அரை மணி நேரம் கேள்வியிலேயே போய்விடும். எரரின் முதல் வரி, கடைசி வரி இரண்டும் தெரிகிற மாதிரி போட்டோ, ‘வேர்’ காட்டியதன் போட்டோ, கடைசியாக மெஷினில் யார் எதை ஏற்றினார்கள் என்ற உண்மை. இந்த மூன்றையும் முதலில் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு அப்புறம் போன் செய்யுங்கள். பாலக்கோட்டுக்காரர் இப்போது அப்படித்தான் செய்கிறார். மூன்றாவதை மட்டும் இன்னும் நான் கேட்டால்தான் சொல்கிறார்.